பவளத்துக்கு முடி முளைத்தபோது: ஒரு 190 லிட்டர் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

“அண்ணே, என் பவளத்துக்கு முடி முளைச்சிருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

செய்தியோடு ஒரு படமும் வந்தது. அனுப்பியவர் என்னோடு வேலை பார்க்கும் தம்பி. சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட் பக்கம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து அப்போது 14 மாதம் ஆகியிருந்தது. படத்தில் அவருடைய ஹேமர் பவளம், ஒரு வாரம் சவரம் செய்யாத தாடை மாதிரி, கீழ்ப்பாகம் முழுக்கப் பச்சை இழைகளோடு நின்றது. ஐந்து தலைகளில் இரண்டு பாதியளவுதான் விரிந்திருந்தன.

அன்று தொடங்கி ஐந்து மாதம் அந்தத் தொட்டியோடு மல்லுக்கட்டினோம். அதில் சரியாகச் செய்ததையும் சொதப்பியதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பாசிக்கு மருந்து தேடி வருகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மருந்து கடைசியில்தான் வரும்.

தொட்டியைப் பற்றி முதலில். 90 × 45 × 45 செ.மீ. கண்ணாடி, கீழே 40 லிட்டர் சம்ப் (வடிகட்டும் துணைத் தொட்டி). பாறையும் மணலும் அடைத்த இடம் போக மொத்தம் 190 லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரியில் பிடித்து வைத்திருந்தது. இந்த ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது. அடர்த்தி 1.025, காரத்தன்மை 8.1 டிகேஎச், கால்சியம் 420, மெக்னீசியம் 1300. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பவளங்கள் ஐந்து: கிளை விடும் ஹேமர், நாற்பது பாலிப் இருக்கும் ஒரு ஜோவாந்தஸ் கூட்டம், உள்ளங்கை அளவு ஃபேவைட்டீஸ் மூளைப் பவளம், ஒரு மாண்டிபோரா தட்டு, கொஞ்சம் காளான் பவளம். மீன் மூன்று. பாசியை மேய வேண்டிய நத்தை இரண்டு என்றார். தேடிப் பார்த்ததில் ஒன்று வெறும் ஓடு.

தம்பியிடம் ஒரு நல்ல பழக்கம், அளந்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பார். இன்னொன்று, வாரம் ஒரு முறையாவது தொட்டியை போனில் படம் எடுப்பார். முதல் நாள் மாலை நான் தொட்டியைவிட அந்த நோட்டையும் படங்களையும்தான் அதிக நேரம் பார்த்தேன்.

நோட்டில், தொட்டி வைத்த 9ஆம் மாதம் இருக்கும் வரி: “பின் பாறையில் பச்சைப் பாசி. பாஸ்பேட் 0.41!!” ஆச்சரியக்குறி இரண்டும் அவர் போட்டதுதான். அடுத்த வாரமே, பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள், பாக்கெட்டில் சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு போட்டிருக்கிறார். மீனுக்குச் சாப்பாடு ஒரு நாள் விட்டு ஒரு நாள். 11ஆம் மாதத்தில் பாஸ்பேட் 0.03, பிறகு 0, பிறகு 0.01. பாசியின் இன்னொரு உணவான நைட்ரேட் மட்டும் 8இலேயே நின்றிருக்கிறது. 12ஆம் மாதம்: “மாண்டிபோரா வெளுத்த மாதிரி இருக்கு. ஹேமர் சரியா விரியல.” 13ஆம் மாதம்: “ஹேமர் தண்டுல பாசி.”

எனக்கு அந்த 0.41 இடித்தது. மூன்று சின்ன மீன் இருக்கும் தொட்டியில் அவ்வளவு எப்படி வரும்?

“எந்த மீட்டர்ல அளந்தே?”

ஹான்னா நிறுவனத்தின் குறைந்த அளவு பாஸ்பரஸ் மீட்டரைக் கொண்டுவந்து நீட்டினார். அது காட்டுவது பாஸ்பேட் அல்ல, பாஸ்பரஸ். அதுவும் நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற கணக்கில். அந்த எண்ணை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் நாம் பேசும் பாஸ்பேட் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கிடைக்கும். மீட்டர் அன்று காட்டியது 41. அவர் அதை 0.41 என்று எழுதிக்கொண்டுவிட்டார். உண்மையில் 0.126. ஒரு வயது ஆகாத தொட்டிக்கு அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பதற வேண்டிய அளவு இல்லை. அதேபோல, பின்னால் வந்த 0.03, 0, 0.01 எல்லாம் மீட்டரில் 3, 0, 1. அந்த மீட்டரே ஐந்து முன்பின் காட்டக்கூடியது. அதாவது இரண்டு மாதமாகத் தண்ணீரில் பாஸ்பேட் இருந்ததா என்றே சொல்ல முடியாத நிலை.

அடுத்து போன் படங்கள். ஹேமரை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்த்தோம். பாசி வந்து பவளம் சுருங்கியது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். படங்கள் வேறு கதை சொல்லின. 12ஆம் மாதப் படத்தில் தண்டின் மேல் சதை இறங்கியிருந்த இடத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு வெள்ளை எலும்பு, அதாவது பவளத்தின் சுண்ணாம்புக் கூடு, வெறுமனே தெரிகிறது. அதில் ஒரு இழைகூட இல்லை. மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில்தான் அந்த வெள்ளை பச்சையாகியிருக்கிறது. பவளம் காலி செய்த இடத்தில் பாசி குடியேறியிருக்கிறது. வீட்டைக் காலி பண்ண வைத்தது தம்பி போட்ட இரும்புத் துகள்.

இது ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹேமர், மாண்டிபோரா போன்றவற்றின் சதைக்குள்ளேயே ஒருவகை நுண்பாசி வாழ்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சக்கணக்கில். வெளிச்சத்தை வைத்து அது சமைக்கும் சர்க்கரையில்தான் பவளத்தின் சாப்பாட்டில் பெரும் பகுதி. வெளியே ஒட்டும் பாசியைப் பட்டினி போடக் கிளம்பினால், உள்ளே இருக்கும் பாசியும் சேர்ந்தே பட்டினி கிடக்கும். அதிலும் பாஸ்பேட் இல்லாமல் நைட்ரேட் மட்டும் இருப்பது இன்னும் மோசம். 2013இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: பாஸ்பேட் பற்றாக்குறையோடு நைட்ரஜன் கூடினால், வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் பவளம் எளிதில் வெளுத்துவிடும். தம்பியின் நோட்டில் நைட்ரேட் 8, பாஸ்பேட் பூஜ்யம். அச்சு அசல் அதே நிலை.

பாசி மட்டும் எப்படிப் பிழைத்தது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. மீட்டர் சொல்வது தண்ணீரில் மிச்சம் இருப்பதை. வந்து போனதை அல்ல. காய்ந்த பாறையில் தொடங்கிய தொட்டி அது. அந்தப் பாறையில் இருக்கும் கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். பாறையிலேயே வேர் மாதிரிப் பற்றியிருக்கும் இழைக்கு அது கசியும் இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. தண்ணீருக்கு வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்துவிடும். தவிர, பாசிக்கு வேண்டிய பாஸ்பரஸ் மிகவும் கொஞ்சம். 1983இல் ஆட்கின்சன், ஸ்மித் இருவரும் கடலடித் தாவரங்களை அலசிப் பார்த்துச் சொன்ன சராசரி, ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு 30 பங்கு நைட்ரஜன், 550 பங்கு கார்பன். மிதக்கும் நுண்ணுயிர்களுக்குச் சொல்லப்படும் 1, 16, 106 என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இவை எவ்வளவு சிக்கனம் என்று தெரியும். பட்டினிப் போட்டியில் பவளம் முதலில் தோற்கும், பாசி தோற்காது.

அதற்காக, பாசி அப்பாவி என்று சொல்லவில்லை. குடியேறிய பிறகு அது சும்மா இருப்பதில்லை. 2006இல் வெளியான ஒரு சோதனையில், பவளத்தையும் பாசியையும் பக்கத்துப் பக்கத்து அறையில் வைத்து, நடுவில் 0.02 மைக்ரான் வடிகட்டி போட்டார்கள். ஒன்றையொன்று தொடவே முடியாது. அப்படியும் பவளங்கள் அத்தனையும் செத்தன. பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்தைச் சேர்த்தபோது ஒன்றும் சாகவில்லை. பாசி கசியவிடும் சர்க்கரையில் பாக்டீரியா பெருகி, அவை பவளத்தின் மேல்பரப்பில் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சின்ன அறைக்குள் நடந்தது பெரிய தொட்டியில் அப்படியே நடக்காது. ஆனாலும் சதையின் ஓரத்தில் இழை உரசிக்கொண்டிருந்தால் அந்த ஓரம் ஆறாது என்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே தண்ணீரைச் சரிசெய்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. கையால் எடுக்கத்தான் வேண்டும்.

முதல் நாள் மாலை நாங்கள் செய்தது மூன்றே காரியம். இரும்புத் துகளை வெளியே எடுத்தோம். மீனுக்குத் தினமும் சாப்பாடு என்று மாற்றினோம். 11 மணி நேரம் எரிந்துகொண்டிருந்த விளக்கை 8 மணி நேரமாகக் குறைத்தோம். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. “பாசி இருக்கிற தொட்டியில சாப்பாட்டக் கூட்டச் சொல்றீங்களேண்ணே” என்றார். அவர் மனைவி சமையலறையிலிருந்து, “அண்ணன் சொன்னாக் கேளுங்க, மீனு பாவம்” என்றார். அந்த வீட்டில் மீன்களுக்கு ஆதரவாகப் பேச ஆள் இருந்ததே ஒரு பலம்.

மறுநாள் சனிக்கிழமை கைவேலை. இதில் பொதுவான முறை என்று ஒன்று இல்லை. பவளம் மாறினால் முறையும் மாறும்.

ஹேமரை, தொட்டி நீர் நிரப்பிய ஒரு பேசினில் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நீள மூக்கு இடுக்கியால் இழைகளைக் கற்றை கற்றையாகப் பிடுங்கினோம். இழுக்கும் திசைதான் முக்கியம். எப்போதும் சதையை விட்டு விலகி, கீழ்நோக்கி. சதை தண்டின் மேல் மெல்லிய தோல் மாதிரி இறங்கியிருக்கும். அதில் ஒரு கீறல் விழுந்தால் மொத்தத் தலையும் போகலாம். பல் துலக்கும் பிரஷை சதை முடியும் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிறுத்திக்கொண்டோம். அதற்கும் கீழே செத்துப்போன தண்டை எலும்பு வெட்டும் கத்தரியால் நறுக்கி எறிந்தோம். பாசி பிடித்த எலும்பைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்வதைவிட அதை வெட்டிவிடுவது பத்து மடங்கு மேல். வெட்டிய கிளைகளைப் புதுப் பிளக்கில் (பவளத்தை ஒட்டும் சிறு வட்டு) பசை வைத்து ஒட்டினோம்.

ஜோவாந்தஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். இவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் இருக்கும். கடலில் கிடைக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. கையுறை, கண்ணாடி இரண்டும் போடாமல் தொடக்கூடாது. தண்ணீருக்கு வெளியே வைத்து பிரஷால் தேய்த்துத் தெறிக்கவிடக் கூடாது. ஜோவா ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடவே கூடாது; ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் உண்டு. நாங்கள் பிளக்கைச் சுற்றி இருந்த பாசியை இடுக்கியால் எடுத்துவிட்டு, மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு, தொட்டி நீர் பத்துப் பங்கு கலந்து ஐந்து நிமிடம் முக்கி, சுத்தமான கடல்நீரில் அலசித் திரும்ப வைத்தோம். ஜோவா இதைத் தாங்கும். ஒரு நாள் மூடிக்கொண்டு இருந்துவிட்டு மறுநாள் விரிந்துவிட்டது.

மூளைப் பவளத்தில் ஒரு ஓரம் மட்டும் செத்து, அங்கே பாசி. அதைத் தண்ணீருக்கு மேலே சாய்த்துப் பிடித்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகப் பாசியின் மேல் மட்டும் விட்டு, ஒரு நிமிடத்தில் கழுவினோம். மாண்டிபோராவில் கை வைக்கவில்லை. வெளுப்புதான், பாசி இல்லை.

நான் கிளம்பும்போது பேசினில் பெராக்சைடுக் கலவை மிச்சம் இருந்தது. தம்பிக்கு அதை வீணாக்க மனமில்லை. ஹேமரின் ஒரு கிளையில் இன்னும் இரண்டு இழை தெரிந்திருக்கிறது. ஜோவாவுக்கு ஒத்துக்கொண்டது இதற்கும் ஒத்துக்கொள்ளும் என்று ஐந்து நிமிடம் முக்கிவிட்டார். ஞாயிறு காலை அந்தத் தலை பழுப்புக் கூழாக வழிந்திருந்தது. ஹேமர் மாதிரிச் சதைப்பற்றான பவளங்களுக்குப் பெராக்சைடு ஆகாது. இதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்து தலை நான்கானது என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

இனி மேய்ச்சல். என்னைக் கேட்டால் இந்தத் தொட்டியின் வியாதிக்கு வேரே மேய ஆளில்லாததுதான். 9ஆம் மாதம் பின் பாறையில் முதல் பாசி தலைகாட்டியபோது அதைத் தின்ன ஆளில்லை. ஒரே ஒரு நத்தை. பவளப் பாறைகளில் பாசி எப்போதும் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். முளைக்க முளைக்க ஏதோ ஒன்று சுரண்டித் தின்பதால்தான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த ஏதோ ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கரீபியன் கடல் காட்டியது. 1983 ஜனவரியில் பனாமா பக்கம் தொடங்கிய ஒரு நோய், ஓராண்டில் கரீபியன் முழுக்க பாசியை மேயும் நீள முள் கடல்முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கொன்றது. ஜமைக்காவில் மேயும் மீன்களை ஏற்கனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். சூறாவளிகள் வேறு. 1977இல் பாறைப் பரப்பில் 52 சதவீதம் இருந்த உயிருள்ள பவளம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 3 சதவீதம். 4 சதவீதம் இருந்த பெரும்பாசி 92 சதவீதம்.

நம் ஊர்ப் பக்கமும் பவளத்தின் மேல் பாசி ஏறிய கதை உண்டு. அது வேறு மாதிரி. மண்டபம் பகுதியில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். குருசடைப் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை: அங்கேயிருந்து ஒரு துண்டு எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. யோசித்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் தொட்டிக்கு நான்கு டர்போ நத்தை, டக்ஸிடோ என்று கடைகளில் சொல்லும் குட்டிக் கடல்முள்ளெலி ஒன்று. மூன்று வாரத்தில் பின் பாறை வழித்துவிட்ட மாதிரி ஆனது. நத்தைகள் புல்டோசர் வகை; மாண்டிபோராவை இரண்டு முறை தலைகுப்புறத் தள்ளின. முள்ளெலிக்கு வேறு பழக்கம், கையில் கிடைத்ததைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உலாத்தும். ஒரு நாள் ஒட்டாமல் விட்ட ஜோவாத் துண்டு ஒன்றைக் காணவில்லை என்று வீடு அல்லோலப்பட்டது. முள்ளெலி அதைத் தொப்பியாக்கிக்கொண்டு பின் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது வாரம், எல்லாம் அடங்குகிறது என்று நினைத்த நேரத்தில், ஜோவா பிளக்கில் மட்டும் பாசி திரும்பி வந்தது. நத்தை பக்கத்தில் போய்விட்டுத் தொடாமல் திரும்பியது. அப்போதுதான் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். ஹேமரில் இருந்தது தனித்தனி இழை, பட்டு நூல் மாதிரி. இதில் நடுவே ஒரு தண்டு, இரண்டு பக்கமும் கிளை, குட்டி இறகு. பிரையாப்சிஸ் என்ற பாசி. ஒரே தொட்டியில் இரண்டு பாசி இருந்திருக்கிறது, நான் ஒன்றென்று நினைத்திருக்கிறேன். இதை மேய்பவை மிகக் குறைவு. பிடுங்கினால் விட்டுப்போன துணுக்கிலிருந்து மறுபடி வரும்.

ஜோவா பிளக்கோடு நின்றிருந்தால் பிளக்கை வெட்டி எறிந்திருப்போம். ஆனால் பாறையிலும் இரண்டு இடத்தில் இறகு தெரிந்தது. அதனால்தான் மருந்து. ஃப்ளுகோனசோல் பூஞ்சைக்கு எதிரான மாத்திரை. பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் தயாராவதை அது தடுக்கும். பிரையாப்சிஸிலும் அதே மாதிரியான இடத்தில் அடிக்கிறது என்று கருதப்படுகிறது. பொழுதுபோக்காளர்கள் வழக்கமாகப் போடும் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம் சுமார். 190 லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கொஞ்சம் கூட; நாங்கள் 950 போட்டோம். மருந்தை உறிஞ்சிவிடும் என்பதால் வடிகட்டும் கரியை வெளியே எடுத்தோம், ஸ்கிம்மரின் (கழிவை நுரையாக அள்ளும் கருவி) கோப்பையைக் கழற்றிக் காற்று மட்டும் போக விட்டோம். ஒரு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. தம்பி தினமும் கேட்பார், நான் தினமும் பொறு என்பேன். 9ஆம் நாள் இறகு நுனிகள் வெளுத்தன. 16ஆம் நாள் எல்லாம் சாம்பல் நிறம். 21ஆம் நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றிக் கரியைத் திரும்பப் போட்டோம்.

இந்த மருந்தை நான் முதலில் கையில் எடுக்கமாட்டேன். சாகும் பாசி தான் சேர்த்து வைத்ததையெல்லாம் தண்ணீரில் விடும். நிறைய இருக்கும்போது போட்டால் தொட்டியே நாறும். முன்னதாகவே கையால் எடுத்துக் குறைத்திருந்ததால் தப்பித்தோம். மனிதருக்குக் கொடுக்கும் மருந்து கழிவுநீரில் போகிறதே என்ற உறுத்தலும் எனக்கு உண்டு.

ஐந்தாம் மாத முடிவில் நோட்டு சொல்வது: நைட்ரேட் 6, மீட்டரில் பாஸ்பரஸ் 19, அதாவது பாஸ்பேட் 0.058. இம்முறை பெருக்கி எழுதியிருக்கிறார். மாண்டிபோராவில் பழுப்பு திரும்பி, ஓரத்தில் வெள்ளையாகப் புது வளர்ச்சி. ஹேமரில் நான்கு தலைகள். ஒன்று பிளந்து இரண்டாகும் அறிகுறி, நடுவில் இரண்டு வாய் தெரிகிறது. மூளைப் பவளத்தின் செத்த ஓரம் மூடவில்லை. அங்கே இப்போது ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படிந்திருக்கிறது. அதுவும் பாசிதான், ஆனால் அதை யாரும் பிடுங்கச் சொல்லப் போவதில்லை.

போன வாரம் போயிருந்தபோது, தண்ணீர் வழிந்து இறங்கும் பெட்டியின் உள்பக்கம் நாலு விரல் அகலத்துக்குப் பச்சை இழை தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி பிரஷை எடுத்துக்கொண்டு வந்தார்.

“அங்க பவளம் ஏதும் இருக்கா?”

“இல்லண்ணே.”

“அப்ப விடு. நத்தை நாலும் பட்டினியா கிடக்கு, ஒண்ண எடுத்து அதுக்குள்ள போடு.”